உன் மகள் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள்

எப்போதும் பாதிப் பேச்சில் எழுந்து போய்விடும் என் செல்ல எஸ்தருக்கு,

கோபித்துக்கொள்ளாமல் படி. உன் மகள் ஷைனி கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். நீ போன அதே ஆம்பூர் ஷூ கம்பெனி, அதே ஸ்டாப், அதே காலை நேரம். ஏற்றிவிட்டது நான்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அக்கா, என் பொண்ணு மட்டும் அந்த பஸ்ல ஏறக் கூடாது." சரி என்று தலையாட்டினேன். பிளஸ் டூ முடித்த கையோடு "ரெண்டு மாசம் போய்ட்டு வர்றேன்க்கா" என்று ஏறியவள் நீ. ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனில் உட்கார்ந்தவள், நோய் வந்து படுக்கும்வரை எழுந்திருக்கவே இல்லை. அதனால் நான் காரணம் கேட்கவில்லை. நீயும் மேலே எதுவும் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டாய். இப்போது ஊருக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஷைனி படிப்பது இயற்பியல், கணினி, மின்னணுவியல் மூன்றும் சேர்ந்த ஒரே பட்டம். கோ-ஆப் படிப்பு என்கிறார்கள். ஒரு பருவம் பல்கலைக்கழகத்தில் வகுப்பு, அடுத்த பருவம் ஒரு தொழிற்சாலையில் வேலை, மறுபடி வகுப்பு. வேலைப் பருவத்தை முடிக்காவிட்டால் பட்டம் கிடையாது. இவ்வளவுதான் விஷயம். இதை ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை எஸ்தர்! வேலை பார்த்த காலமெல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்சாரத்தைப் புரியவைத்தவள் நான்.

உன் லைனில் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தாளே ரோசி, அவள்தான் முதலில் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா டீச்சர், பொண்ணு படிப்ப நிறுத்திட்டீங்களாமே?"

"நிறுத்தல ரோசி. இதுவும் படிப்புதான். நர்சிங் பிள்ளைங்க வார்டுக்குப் போறாங்கல்ல, அது மாதிரி."

"நர்சிங் பொண்ணுங்க யூனிபார்ம் போட்டுனு போவுதுங்க. உங்க பொண்ணு டிபன் பாக்ஸ் எடுத்துனு எங்க பஸ்ல இல்ல வருது?"

நல்ல உதாரணம் என்று நினைத்திருந்தேன். அத்தோடு அது போயிற்று. ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். மூன்றாமவள் வாணியம்பாடியில் நல்ல பையன் ஒருவன் இருக்கிறான் என்றாள். படிப்பு நின்றால் அடுத்தது அதுதானே இவர்களுக்கு!

அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டார்களா? நீயாவது கேள். தோலின் பரப்பை அளக்கும் மெஷினில் அவளுக்கு வேலை. தோல் சதுரமாகவா வரும்? காலும் கழுத்தும் நீட்டிக்கொண்டு, ஸ்கேலுக்கு அடங்காமல் வரும். உச்சி வெயிலில் மொட்டைமாடியில் இரண்டு பேர் புடவையைப் படுக்கைவாக்கில் விரித்துப் பிடித்தால் கீழே நிழல் விழுமே, அது எத்தனை தரைக்கல்லை மறைக்கிறது என்று எண்ணினால் புடவையின் அளவு தெரிந்துவிடும் இல்லையா? விரித்த புடவையை இன்னும் தட்டையாகப் பிடித்தால் கணக்கு சரியாக வரும். மெஷின் செய்வதும் அதுதான். வெளிச்சம் இயற்பியல், அதைப் பார்க்கும் சின்னச் சின்னக் கண்கள் மின்னணுவியல், எண்ணிக் கூட்டுவது கணினி. மூன்று பாடமும் ஒரே ஆட்டுத்தோலில்!

சரி, ஊரை விடு. உன் வீட்டுக்காரர் தேவாவை என்ன செய்ய?

"அக்கா, போதும். சாதா பி.எஸ்சி.ல சேத்துடலாம். மேனேஜர் இப்பவே பர்மனென்ட் தர்றேன்றாராம். உங்க தங்கச்சிகிட்டயும் இப்டித்தான் சொன்னாங்க."

அவர் பயப்படுவது நீ பயந்ததைத்தான்.

போன திங்கட்கிழமை காலை, பஸ்ஸுக்கு முன்னால் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்திவிட்டார். ஷைனி படியில் ஒரு காலை வைத்திருந்தாள். நான் மூச்சிரைக்க ஓடினேன்.

"இறங்குடி கீழ!" என்றார் அவர்.

ஜன்னலிலிருந்து ரோசி கத்தினாள். "இன்னாண்ணா, காலங்காத்தால ரோடு மறியலா? வண்டிய எடு! லேட்டானா கேட்டுல எங்களுக்குத்தான் பேஜாரு!"

ஷைனி இறங்கி அப்பாவிடம் வந்தாள். உன்னைப்போல் கத்தவில்லை.

"அப்பா, அம்மாவுக்கு இதுல ஏறுன நாளு தெரியும். எறங்குற நாளு தெரியாது. எனக்குத் தெரியும்பா. கிறிஸ்மஸுக்கு முன்னாடி எறங்கிடுவேன். ஜனவரில கிளாஸ்."

"மேனேஜர் விடலன்னா?"

"அவரு யாருப்பா விடுறதுக்கு? எனக்கு இன்னும் எவ்ளோ பரீட்சை பாக்கி கெடக்குது!"

தேவா ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளினார். அன்று சாயங்காலம் ரோசி வாசலில் வந்து நின்றாள். "டீச்சர், அப்போ இது நெஜமாவே படிப்புதானா?" நான் எரிச்சலில் அவள் முகத்தில் கதவைச் சாத்தாமல் இருந்ததற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

நீ சொன்னதும் இதுதானா எஸ்தர்? ஏறவே கூடாது என்றாயா, ஏறினால் இறங்க முடியாமல் போய்விடக் கூடாது என்றாயா? முழுசாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

அடுத்த வேலைப் பருவம் வேலூரில், ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் இடத்தில் கிடைக்கலாம் என்கிறாள். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறாளே, பெண்ணுக்கு என்ன வியாதி என்று ரோசி கேட்பாள். அதற்கும் இப்போதே ஓர் உதாரணம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு நான் சொல்வது இதுதான். கிறிஸ்துமஸுக்கு முன்னால், அவளுடைய கடைசி நாள் சாயங்காலம், நான் அந்த ஸ்டாப்பில் நிற்பேன். அவள் இறங்கவில்லை என்றால், இந்த முட்டிவலியோடு நானே படியேறி, கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வருவேன். டிரைவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

உனக்குத் தலையாட்டிவிட்டு ஊரோடு மல்லுக்கு நிற்கும்,
உன் அக்கா