மார்னிங் ஷோவில் மூழ்கிய கப்பல்

தாராவி, பம்பாய்
14-9-1965

அன்புள்ள வெயிலுமுத்து அண்ணாச்சிக்கு,

செண்பகவல்லி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? ஆடி மாதம் போட்ட கடிதத்துக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை. அந்த வருத்தத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன், மனம் ஆறிவிட்டது.

இங்கே பாகிஸ்தான் சண்டையினால் ஊரே இருட்டாகக் கிடக்கிறது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறோம். கடலுக்கடியில் எதிரி சப்மரீன் வந்து நிற்கிறது என்று தண்ணீர்க் குழாயடியில் ஒரே பேச்சு. நான் பெருக்கும் வேலை பார்க்கும் மாட்டுங்கா தியேட்டரில் ராத்திரி ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் காலையில் பழைய இங்கிலீஷ் சண்டைப் படம் போடுகிறார்கள். ஒன்பது வருஷமாக அங்கே வேலை பார்க்கிறேன், ஒரு படத்தையும் பார்த்ததில்லை. இதைப் பார்த்தேன், அண்ணாச்சி. விளக்குமாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரமாக நின்றே பார்த்தேன்.

படம் முழுக்க ஒரு சப்மரீனுக்குள்தான் நடக்கிறது. அதில் இருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஒருவன் தன் குழந்தையின் போட்டோவைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். தலைவன் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிறான், தூரத்தில் ஒரு கப்பல் தெரிகிறது. விரல் நீளம்தான் இருக்கும். ஏதோ சொல்கிறான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கப்பல் நடுவில் உடைந்து புகையாகிறது. தியேட்டரில் எல்லோரும் விசில் அடித்துக் கை தட்டினார்கள்.

படம் ஓட்டும் கரீம் பாட்சா நம் மேலப்பாளையத்துக்காரர். அவரிடம், "அந்தக் கப்பல்ல இருந்தவுக என்ன ஆனாவ?" என்று கேட்டேன்.

"அது எதிரிக் கப்பல் தங்கச்சி. அதுல இருந்தவனை எல்லாம் காட்ட மாட்டானுவ. பிக்சர் இவனுகளைப் பத்தினதுதானே" என்றார்.

ஐந்து நாளாக ஓடுகிறது. ஐந்து நாளும் அந்தக் கப்பல் உடையும் நேரத்துக்குச் சரியாகப் போய் நின்றுகொள்கிறேன். அதன் மேல்தட்டில் எறும்பு மாதிரி இரண்டு மூன்று பேர் ஓடுவது தெரிகிறது. அவர்களில் ஒருவர் உங்கள் சினேகிதர், உங்களோடு கப்பலுக்குப் போன என் வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறாரா என்று பார்க்கிறேன். பைத்தியக்காரத்தனம்தான். இதையெல்லாம் உங்களைத் தவிர யாரிடம் சொல்ல?

கப்பலுக்குள் எப்படி இருக்கும் என்று நீங்கள் ஒரு தடவைகூட எனக்குச் சொன்னதில்லை. எழுதுங்கள்.

அன்புத் தங்கை
செண்பகவல்லி


குன்னூர்
22-9-1965

அன்புத் தங்கச்சி செண்பகவல்லிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் போடாதது என் தப்புதான். இரண்டாவது சீசன் தொடங்கிவிட்டது, வேலை கழுத்து வரைக்கும் இருக்கிறது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. குளிர் ஏறினால் அதுவும் ஏறும்.

சண்டை நின்றுவிட்டதாக இன்று ரேடியோவில் சொன்னார்கள். இனிமேல் அங்கே விளக்குப் போடலாம். நீ அந்தப் படத்தைப் பார்க்காதே அம்மா. சினிமாக்காரன் தொட்டித் தண்ணீரில் பொம்மைக் கப்பலை விட்டு எடுத்திருப்பான். அதைப் பார்த்து நீ ஏன் மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அதை விட்டுவிட்டு ஒரு தடவை இங்கே வா. எத்தனை வருஷமாகக் கூப்பிடுகிறேன். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் இந்த மலை ரயிலைப் பார்க்கவென்றே வருகிறார்கள். போன வாரம் உங்கள் பம்பாயிலிருந்து ஒரு குஜராத்திக் கூட்டம் வந்தது, முப்பது பேர். மேட்டுப்பாளையத்தில் ஏறினது முதல் பாட்டுத்தான். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், பெட்டிகள் முன்னால் போகும். தண்டவாளத்துக்கு நடுவில் பல்லுப் பல்லாக ஒரு இரும்பு, அதைக் கடித்துக்கொண்டுதான் வண்டி மலை ஏறும். பிரேக் பிடிக்கப் பெட்டிக்கு என்னைப் போல ஒரு பிரேக்ஸ்மேன், வெளித்தட்டில் நின்றுகொண்டு போவோம். ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும்போது டீ கிடைக்கும், குரங்கு வந்து கையிலிருந்து வடையைப் பிடுங்கும். புதுசாகக் கல்யாணமானவர்கள் அருவி தெரியும் பக்கத்து ஜன்னலுக்குச் சண்டை போடுவார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். உனக்கு நான் அந்தப் பக்கமே இடம் பிடித்துத் தருகிறேன்.

கப்பலைப் பற்றிக் கேட்டிருந்தாய். கரி அள்ளினோம், சாப்பிட்டோம், தூங்கினோம். வேறென்ன இருக்கிறது சொல்ல? சுயம்பு தூக்கத்திலேயே போனான், ஒரு நோவும் அறியாமல் போனான். எத்தனையோ தடவை இதை எழுதிவிட்டேன். நீ இனி அதைக் கேட்க வேண்டாம்.

உன் அண்ணன்
வெயிலுமுத்து


தாராவி
30-9-1965

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கோபித்துக்கொள்ளாமல் இதை முழுசும் படிக்க வேண்டும்.

படத்தை இன்னும் ஒரு வாரம் நீட்டினார்கள். இது வரைக்கும் நான் பெருக்கப் போய்விடும் நேரத்தில் ஒரு காட்சி வந்திருக்கிறது. கப்பல் மூழ்கின பிறகு சப்மரீன் மேலே வருகிறது. தண்ணீரில் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் மிதக்கிறான். எதிரிக் கப்பல்காரன்தான். அவனைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் போர்வை போர்த்தி, டீ கொடுக்கிறார்கள். கரீம் பாட்சாவிடம் இப்படி நிஜமாகவே செய்வார்களா என்று கேட்டேன். "செய்வானுவ தங்கச்சி. பிடிச்சுட்டுப் போயி அவனுக ஊர்ல கைதியா வச்சிருப்பானுவ" என்றார்.

அண்ணாச்சி, உங்களிடம் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் கப்பலை ஜப்பான் சப்மரீன் அடித்தது காலை பத்து மணிக்கு என்று கம்பெனிக்காரன் கடிதத்திலேயே எழுதியிருந்தான். அது அவருக்கு வேலை நேரம். பத்து மணிக்கு அவர் எப்படித் தூங்கிக்கொண்டிருந்தார்? முதல் வருஷமே இது என் மனதில் பட்டது. கேட்டால் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிடுவீர்களோ என்று பயந்து கேட்காமல் இருந்தேன். அவரைத் தெரிந்தவர் என்று எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தானே. ஆனால் நீங்கள் எழுதினதை நான் நம்பவில்லை. நம்பாததால்தான் ஊரில் அத்தனை பேர் சொல்லியும் கருமாதி செய்ய விடவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. அப்போது எனக்குப் பதினெட்டு வயது, கல்யாணமாகி எட்டு மாதம். இப்போது நாற்பது.

நீங்கள் அவர் செத்ததைப் பார்க்கவில்லை. எனக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்று ஒரு கதை சொல்லியிருக்கிறீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, நல்ல மனதோடுதான் செய்திருப்பீர்கள். ஆனால் ஜப்பான்காரன் அவரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால்? சண்டை முடிந்து ஊர் திரும்ப வழி தெரியாமல் அங்கேயே எங்காவது இருந்தால்?

ஜப்பான் தூதரகத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். கரீம் பாட்சா சொல்லச் சொல்ல, மாட்டுங்காவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தார்கள். அதே கப்பலில் இருந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் நல்லது என்றார்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். சுயம்புவின் உடலை நான் பார்க்கவில்லை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வேறொன்றும் வேண்டாம்.

அன்புத் தங்கை
செண்பகவல்லி


குன்னூர்
11-10-1965

தங்கச்சிக்கு,

மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அவன் உடலை நான் பார்க்கவில்லை. அது நிஜம். ஆனால் அவன் எங்கே செத்தான் என்று எனக்குத் தெரியும்.

நீ சொன்னது சரி, காலை பத்து மணி. நான் பாய்லர் அறையில் அடுப்புக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தேன். சுயம்பு அடுத்த கிடங்கிலிருந்து கரியைத் தள்ளிக்கொண்டு வருவான். இரண்டுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கதவு. சக்கரத்தைச் சுற்றினால் சாத்திக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் இருந்துதான் சுற்ற முடியும். அதற்குச் சற்று முன்னால்தான், "கொஞ்சம் தண்ணி வச்சிருலே, தொண்டை காயுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அடி கிடங்குப் பக்கத்தில் விழுந்தது. விளக்கு அணைந்தது. முழங்கால் அளவு தண்ணீர் ஒரே பாய்ச்சலாகக் கதவு வழியாக வந்தது. வெள்ளைக்கார என்ஜினியர் ஏணியில் நின்றுகொண்டு "பந்த் கரோ! பந்த் கரோ!" என்று, கதவைச் சாத்தச் சொல்லிக் கத்தினான். நான்தான் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். சுற்றினேன்.

முக்கால்வாசி மூடியபோது அவன் குரல் கேட்டது. "வெயிலு, சாத்தாதலே. நான் இங்கனதான் இருக்கேன்லே." பயந்து கத்தவில்லை அம்மா. நான் மறந்துபோய்ச் சாத்துகிறேன் என்று நினைத்தவன் மாதிரி சாதாரணமாகச் சொன்னான். நான் கையை நிறுத்தவில்லை. மீதியையும் சுற்றி இறுக்கினேன். பிறகு மண்வெட்டியால் கதவைத் தட்டினான். நான் ஏணியில் ஏறி மேலே வரும் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

கதவைச் சாத்தினால் கப்பல் தாங்கும் என்று சொன்னார்கள். தாங்கவில்லை. கால் மணி நேரத்தில் மூழ்கிவிட்டது. படகுக்கு வந்து சேர்ந்தவர்கள் முப்பத்தொரு பேர். சாத்தாமல் இருந்திருந்தாலும் அவ்வளவு பேர் தப்பியிருப்பார்களோ என்னவோ. அதை யாரிடம் கேட்பது?

சப்மரீன் மேலே வந்தது. சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. யாரையும் தூக்கவில்லை.

கொழும்பு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு உனக்கு முதல் கடிதம் எழுதும்போது தூக்கத்தில் என்று கை தானாக எழுதிவிட்டது. அப்புறம் ஒரு தடவை பம்பாய் வந்து உன்னைப் பார்த்தேனே, அன்றைக்குச் சொல்லிவிடத்தான் வந்தேன். நீ இலை போட்டு, "அண்ணாச்சி, சாப்பிடுங்க" என்றாய். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கடலே கண்ணில் படக்கூடாது என்றுதான் இந்த மலை வேலைக்கு வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, இந்தப் பாதை முழுக்கக் குகை. வண்டி குகைக்குள் நுழைந்ததும் பார்க்க வந்த ஜனங்கள் சந்தோஷத்தில் ஓவென்று கத்துவார்கள். அந்த இருட்டில் நான் வெளித்தட்டில் நிற்பேன். பதினெட்டு வருஷமாக நிற்கிறேன்.

நீ எது சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

வெயிலுமுத்து


திருச்செந்தூர்
26-11-1965

வெயிலுமுத்து அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் எழுத வரவில்லை. ஊருக்குப் போகிறேன் என்று தியேட்டரில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஊருக்குப் போகும் முன் மேட்டுப்பாளையம் வந்தேன். போன செவ்வாய்க்கிழமை உங்கள் வண்டியில் ஏறினேன்.

மழையும் குளிருமாக இருந்தது. சேலையைத் தலையில் இழுத்துப் போர்த்தியிருந்தேன். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, வலது காலைச் சாய்த்து நடக்கிறீர்கள். சீட்டைப் பார்த்து, "ஜன்னலோரம் ஒக்காருங்கம்மா, அருவி நல்லாத் தெரியும்" என்றீர்கள். நான் யார் என்று தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் எழுதியிருந்தது போலவே அழகான இடம். எங்கள் பெட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். முதல் குகை வந்ததும் எல்லோரும் கத்தினார்கள். என் ஜன்னலுக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில் நீங்கள் நின்றீர்கள். இருட்டில் உங்கள் முகம் தெரியவில்லை. குரல் கேட்டது.

"இந்தா தெறக்கேன்லே. இந்தா தெறக்கேன்."

வெளிச்சம் வந்ததும் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் நடக்காதது போல் நின்றீர்கள். அடுத்த குகையிலும் சொன்னீர்கள். அதற்கடுத்ததிலும். நீங்கள் சொல்வது உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள், "அந்த ஆளு யார்ட்டப் பேசுறாரு?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரரிடம் என்று நான் எப்படிச் சொல்வது?

உங்களை ஏசுவதற்கென்று பம்பாயிலிருந்தே வார்த்தை சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தேன். குன்னூரில் இறங்கும்போது என் மூட்டையை வாங்கிக் கீழே வைத்து, "பாத்துப் போங்கம்மா" என்றீர்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மலையை விட்டு பஸ்ஸில் இறங்கினேன். அந்த வண்டியில் இன்னொரு தடவை ஏற என்னால் முடியாது.

நேற்று இங்கே கடற்கரையில் அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். இறந்த நாளையும் நேரத்தையும் ஐயர் கேட்டார். சொன்னேன். எங்கே என்று கேட்டார். அதையும் சொன்னேன். பொட்டை நானே அழித்தேன், யாரையும் தொட விடவில்லை. அழுகை வரவில்லை. ரொம்பத் தூரம் நடந்தவள் மாதிரி கால் வலித்தது, அவ்வளவுதான்.

கதவைச் சாத்தினதை நான் யோசித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் அவர் நின்றிருந்து நீங்கள் உள்ளே இருந்திருந்தால் அவரும் சாத்தியிருப்பார். பிறகு என்னிடம் வந்து சொல்லி அழுதிருப்பார். நீங்கள் சொல்லவில்லை. கதவைச் சாத்த உங்களுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். தூக்கத்தில் போனான் என்று இருபத்திரண்டு வருஷம் எழுதினீர்கள். அத்தனை வருஷமும் வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து பார்த்தேன். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

ஒன்று மட்டும். அந்தக் குகை வண்டியில் இனி நீங்கள் நிற்கக்கூடாது. முழங்கால் வலி என்று பெரிய ஆபீசரிடம் எழுதிக் கொடுத்து, மேட்டுப்பாளையத்திலோ கோயமுத்தூரிலோ கீழே ஏதாவது வேலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரமே கேளுங்கள், தள்ளிப் போடாதீர்கள். இத்தனை வருஷம் அண்ணாச்சி என்று கூப்பிட்டதற்காகச் சொல்கிறேன்.

சுயம்பு மனைவி
செண்பகவல்லி