சூடாயிருந்த எஞ்சின்

நாகலெட்சுமி,

அலியார் நானா விற்கிற மோட்டார் சைக்கிளை மறுபடி பார்க்க முதல் பஸ்ஸில் லிந்துலைக்குப் போகிறேன். ரொட்டி சுட்டு மூடி வைத்திருக்கிறேன். கொஞ்சம் கருகிவிட்டது.

"நீங்க போறப்பவே எஞ்சின் சூடா இருந்துச்சா?" என்று நேற்று நீ கேட்டதற்கு, "ஒனக்கு என்ன தெரியும்?" என்று சத்தம் போட்டேன். சூடாகத்தான் இருந்தது. ஆறின எஞ்சின் லேசில் கிளம்பாதது தெரியக் கூடாதென்று, நான் போவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார். அவர் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அவர் வண்டியைக் குறை சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்று எதுவும் சாப்பிடாமல், ஆறிக் கிடக்கும் எஞ்சினை நானே உதைத்துப் பார்ப்பேன். கிளம்பாவிட்டால் வேண்டாம் என்பேன்.

படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

பின்சீட்டு நன்றாக இருக்கிறது. கதிர்காமம் வரை நீ உட்கார்ந்து வர வசதிப்படுமா என்று, நேற்று அதை மட்டும்தான் ஒழுங்காகப் பார்த்தேன்.