திட்டிலிருந்து வந்த நரி

ஐப்பசி 3, திங்கள்
விடிஞ்சதிலிருந்து தூறல். ஆத்தில் செந்தண்ணி. நடு ஆத்து நாணல் திட்டு பாதி முங்கிருச்சு. அதில் அடையும் கொக்கெல்லாம் இப்ப நம்ம தென்னையில். கோச்சடைக் கடையில் மண்ணெண்ணெய் இல்லை. யுத்தம் யுத்தம்னு ஒரே பாட்டு.

மதியம் நடந்ததை எழுதணும். திட்டில் மாட்டின நரி ஒண்ணு நீந்திக் கரையேறி, நேரே நம்ம தொழுவத்துக்குள் வந்துருச்சு. பட்டப்பகல். சத்தம் போட்டும் பயப்படலை. கன்னுக்குட்டி மூக்கைக் கவ்விருச்சு. எங்க வீட்டுக்காரவுக ஓடிப்போய் மிதிச்சாக, கெண்டைக்காலில் கடி. கொழுந்தன் வீரணன் வெறுங்கையால் கழுத்தைப் பிடிச்சுச் சுவரில் அடிச்சான். செத்துச்சு. அவன் மணிக்கட்டில் ரெண்டு பல் பதிஞ்சிருக்கு. ரத்தம் கொஞ்சம்தான். சிரிச்சுக்கிட்டே வேட்டியில் துடைச்சான்.

ரெண்டு பேர் காயத்தையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். அத்தை மஞ்சள் அரைச்சு வச்சாக.

ஐப்பசி 4, செவ்வாய்
மழை இல்லை. புழுக்கம்.
வண்டி கட்டி அவுகளோட டவுன் ஆஸ்பத்திரி. வீரணன் வரலை. தொப்புளைச் சுத்தி ஊசி, தினமும், ரெண்டு வாரத்துக்கு. மனுசர் பல்லைக் கடிச்சுக்கிட்டு உத்தரத்தைப் பார்த்தாக.
டாக்டர்: "வேற யாரையும் கடிச்சுதா?"
அவுக தலையைக் குனிஞ்சுக்கிட்டாக. நான் சொன்னேன், "இவுக தம்பியை." "நாளைக்கே கூட்டிட்டு வாங்க"ன்னார்.

வீட்டில் பெரிய சண்டை. வீரணனுக்குத் தையில் கல்யாணம், அலங்காநல்லூர்ப் பொண்ணு, பேரு பேச்சி. அத்தை அதையே பிடிச்சுக்கிட்டாக. "நரி கடிச்சவன்னு ஊருல பேராச்சுன்னா யாரு பொண்ணு குடுப்பா? கடிச்சது வெறிநரியா இருந்தா தண்ணிய நீந்தி வருமா? வெறிக்குத் தண்ணின்னா ஆகாதே."
வீரணனும் அதே. "மதினி, சிராய்ப்பு. இதுக்குப் போயி வயித்துல ஊசியா?"

ஐப்பசி 5, புதன்
டாக்டரிடம் கேட்டேன். தண்ணியைக் கண்டு மிரள்றது மனுசன்தானாம். நாயும் நரியும் வெறி பிடிச்சே ஆத்தைத் தாண்டுமாம்.
அத்தையிடம் சொன்னேன். "அவருக்கு என்ன, படிச்சவரு" அப்படின்னுட்டாக. அதோட பேச்சு முடிஞ்சுது.

ஐப்பசி 9, ஞாயிறு
நல்ல வெயில். நெல் நாத்து தலை எடுத்திருக்கு. வாழைக்கு மண் அணைக்கணும். கருவேப்பிலைக் கன்னில் புழு.
வீரணனை அத்தை நாட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனாக. வேர் அரைச்சுக் குடுத்தாராம். உப்பில்லாப் பத்தியம். அவனுக்குத் தனியாச் சமைக்கணும்.
அவன் கையைப் பார்த்தேன். காயம் ஆறிருச்சு. தோல் புதுசா, ரோஸா.
ஒருவேளை நான்தான் வீணாப் பயப்படுறேனோ.

ஐப்பசி 17, திங்கள்
அவுகளுக்கு இன்னைக்கோட ஊசி முடிஞ்சுது. வரும் வழியில் சிம்மக்கல்லில் வெங்காயம், புளி, அத்தைக்கு வெத்தலை. கடை வாசலில் ஒரு கிழவர் இன்னொருத்தரிடம்: "மேக்க நாலஞ்சு நாயி வெறி பிடிச்சு ஒரே நாள்ல விழுந்துச்சாம்யா. தலையாரியே அடிச்சுப் போட்டானாம்." அவுக காதில் விழுந்தது. எனக்கும்.

ஆத்தில் தண்ணி வடியுது. திட்டு மறுபடி தெரியுது. கொக்கு ஒண்ணுகூட அங்கே திரும்பலை.

ஐப்பசி 27, வியாழன்
மூட்டம். காத்தே இல்லை, தென்னை ஓலை அசையலை.
கன்னுக்குட்டி காலையிலிருந்து பால் குடிக்கலை. தாய்மடியை முட்டித் தள்ளுது. குரல் மாறியிருக்கு. கன்னு சத்தமே இல்லை அது.

ஐப்பசி 28, வெள்ளி
கட்டுத்தறியைக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம். யாரையும் கிட்டே விடலை. தாய்மாட்டை வேப்பமரத்தடிக்கு மாத்தினோம். பாலைக் கறந்து குப்பையில் ஊத்தியாச்சு.
வீரணன் தொழுவத்து வாசலில் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தான். கூப்பிட்டேன், திரும்பலை. அவன் இடது கை வலது மணிக்கட்டைப் பிடிச்சிருந்துச்சு.

ஐப்பசி 29, சனி
கன்னு செத்துருச்சு. ஆழமாக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினாக.
ராத்திரிச் சாப்பாட்டில் எல்லாரும் வீரணன் செம்பையே பார்த்தோம். ஒரே மூச்சில் குடிச்சுட்டுக் கவுத்து வச்சான். "போதுமா?" அப்படின்னான்.
"இப்பவாவது ஊசிக்கு வா"ன்னாக அவுக. "நிச்சயம் முடியட்டும்ணே. பொண்ணு வீட்டுக்குத் தெரிய வேணாம்."

ஐப்பசி 30, ஞாயிறு
அத்தையிடம் அவரை விதை வாங்கப் போறேன்னு சொல்லிட்டு அலங்காநல்லூர் போனேன். பெட்ரோல் இல்லாமக் கரிப்புகையில் ஓடுற கரி பஸ். வழியில் ரெண்டு தரம் நின்னுச்சு, புடவையெல்லாம் புகை.
பேச்சியின் அப்பா களத்தில் வைக்கோல் உதறிக்கிட்டிருந்தார். உக்காரச் சொன்னார், உக்காரலை. நின்னபடியே எல்லாத்தையும் சொல்லிட்டேன். நரி, கன்னு, ஊசி, எதுக்காக மறைச்சோம்ங்கிறது.
கையில் இருந்த வைக்கோலைக் கீழே போட்டார். அப்புறம்: "இதுக்காகவா தாயி புள்ளைய வைத்தியம் பாக்காமப் போட்டு வச்சிருக்கீக? கடி பட்டவனுக்குப் பொண்ணு இல்லைன்னு நான் சொன்னேனா? மொதல்ல ஊசியப் போடச் சொல்லு. எம்மக எங்கயும் போயிற மாட்டா."
உள்ளே கதவோரம் பச்சைச் சேலை. பேச்சியாத்தான் இருக்கணும்.
திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்துப் பொம்பளை, "யாரும் தவறிட்டாகளா தாயி?" அப்படின்னா. இல்லைன்னு தலையாட்டினேன்.

கார்த்திகை 1, திங்கள்
அத்தை என்னோட பேசலை. பரவாயில்லை. வீரணன் ஊசிக்குப் போயிட்டான். பேச்சியின் அப்பா சொன்னாருன்னதும் மறு பேச்சில்லை. வண்டியில் ஏறும்போது, "என்ன மதினி, விதை கிடைச்சுச்சா?" அப்படின்னு கண்ணடிச்சான்.
டாக்டர் அவுகளைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாராம்: ரொம்பப் பிந்தி வந்திருக்கீக. போடுறேன். அதுக்கு மேல என் கையில இல்லை.

கார்த்திகை 4, வியாழன்
விடாத மழை. மேக்கே மலைப் பக்கம் கருப்பாக் கெடக்கு. ஈசல் அடுப்படி வரைக்கும். விறகு ஈரம், கண் எரியுது.
வீரணன் கையைச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கான். பழைய காயத்தில் எறும்பு ஊறுற மாதிரி இருக்காம். ஆஸ்பத்திரிக்குப் போக வர வண்டியில் தூக்கம்.
ஊசி மருந்தால் இருக்கும். ஊசி மருந்தாலதான்.

கார்த்திகை 6, சனி
காய்ச்சல். கழுத்துப் பிடிப்பு. விசிறினால் காத்துப் பட்டதும் உடம்பு தூக்கிப் போடுது. சன்னலை அடைக்கச் சொல்றான். கஞ்சி கொண்டு போனேன். வாய்க்கிட்டே கொண்டு போனதும் அவனுக்குத் தொண்டை இறுகிருச்சு. என் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோச்சு.
கஞ்சியை வெளியே எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

கார்த்திகை 7, ஞாயிறு
டாக்டர் வீட்டுக்கே வந்தார். தூங்க மருந்து குடுத்தார். வேற ஒண்ணும் இல்லை.
மழைச் சத்தம் கேட்டாலே துடிக்கிறான். ஓட்டுத் தாழ்வாரத்தில் தண்ணி விழுற இடமெல்லாம் வைக்கோல் போட்டேன், சத்தம் கேக்காம இருக்க.
தெளிஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டான். "மதினி, வெளிய தாழ்ப்பாப் போட்டுருங்க. அம்மாவ உள்ள விடாதீக. நான் எதுவும் செஞ்சுறக் கூடாது."
போட்டேன். அத்தை கதவில் தலையை முட்டிக்கிட்டே உக்காந்திருக்காக.

கார்த்திகை 9, செவ்வாய்
நேத்து மத்தியானம் மூச்சு அடங்கிருச்சு. அவுக உள்ளேதான் இருந்தாக, கடைசி வரைக்கும். கையைப் பிடிச்சுக்கிட்டு.
ஆத்தில் வெள்ளம், கரை மயானம் முங்கிருச்சு. மேட்டுக் காட்டுக்குக் கொண்டு போனாக. பேச்சியின் அப்பாவும் ஒரு பக்கம் தோள் குடுத்தார்.
இன்னைக்கு மழை விட்டிருக்கு. அடுப்புப் பத்த வைக்கலை. அக்கம்பக்கத்து வீட்டுச் சோறு.
அத்தை ரெண்டு நாளா வாய் திறக்கலை. இப்ப, சாயங்காலம், அவுக பக்கத்தில் வந்து உக்காந்தாக.
"அந்த ஊசி ரொம்ப வலிக்குமாய்யா?"
"இல்லம்மா. ரொம்ப இல்ல."