நீ நம்பிக் காத்திருந்த வாயு

இன்று காலை ஆய்வகத்தில் ஒரு குப்பியைத் திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. கூட இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உன் மேல் ஆத்திரம்தான் வந்தது. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். போகட்டும், நான் படுவேன்.

ஆரணியில் உன் சாயப்பட்டறைக்கு நான் வந்த அன்றும் இப்படித்தான் நாறியது. பழைய நிறத்தை எடுக்க ஏதோ தூளைக் கொட்டி, கொதிக்கும் தண்ணீரில் பட்டு நூலை முக்கித் திருப்பிக்கொண்டிருந்தாய். ஒரே கந்தக நெடி. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் சென்னைக்குப் படிக்கப் போய் ஆராய்ச்சியிலேயே ஒட்டிக்கொண்டவன். பீற்றிக்கொள்ள எனக்கு வாய் ஊறியது.

"இது மாதிரி நாறுற ஒரு வாயுவ நம்ம உடம்பே உண்டு பண்ணுதுடா. உயிரணுவுக்கு உயிரணு சேதி சொல்றதுக்கு. கட்டிக்குள்ள அத சரியா இறக்கினா புத்துநோயே செத்துடும். அதத்தான் மருந்தாக்கப் பாக்குறோம்" என்றேன்.

"அடேங்கப்பா!" என்றாய்.

கிண்ணத்தில் வளர்த்த உயிரணுக்களில்தான் அதைப் பார்த்திருக்கிறோம் என்று நான் சொல்லவில்லை. அளவு குறைந்தால் அதே வாயு கட்டியை வளர்த்தும் விடும் என்று சொல்லவில்லை. உன் பட்டறை நெடி வேறு வாயு என்றுகூடச் சொல்லவில்லை. டீ வந்தது, பேச்சு மாறிவிட்டது.

அடுத்த வருடம் உனக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. நகக்கண் முதல் வேட்டி வரை சிவப்பிலேயே வாழ்ந்தவன் அல்லவா, "சாயம்தான் இறங்குது" என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டாய். பிறகு ஆஸ்பத்திரியில் சிறுநீர்ப்பையில் கட்டி என்றார்கள், ஆபரேஷனுக்கு நாளும் குறித்தார்கள். நீ போகவில்லை. உன் மனைவி போனில் அழுதபோதுதான் எனக்கே தெரியும்.

"என் பிரெண்டு மருந்து கண்டுபுடிச்சிகினு இருக்கான், அது வரட்டும்னு சொல்லிகினே இருக்காருங்கண்ணா."

ஓடி வந்தேன். கத்தினேன். நீ அசரவில்லை.

"சும்மா பேஜார் பண்ணாதடா. எல்லாம் ஒரே கந்தகம்தானே? தெனம் மோந்துகினுதான் இருக்கேன். தானா அடங்கிடும்."

அட மடையா! "ஒரு சிட்டிகை கூடினா அரக்கு கறுத்துப்பூடும்" என்று தராசில் நிறுத்துச் சாயம் கலந்தவன் நீதானே? நிறத்துக்கு ஒரு அளவு, உயிருக்கு அளவு கிடையாதா? உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டு என்னைத்தான் திட்டிக்கொள்கிறேன். அளவைச் சொல்லாமல் ஆசையை மட்டும் கொடுத்தவன் நான். ஒரு வழியாக உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கட்டி எலும்பு வரை போயிருந்தது.

போன மாதம் உன் மனைவி மறுபடி கூப்பிட்டாள். இப்போது உன் பட்டறையை நடத்தும் அவள் தம்பிக்கும் சிவப்பாகப் போகிறதாம். அவனும் சாயம்தான் என்கிறானாம். சாயத்தில் புழங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டி அதிகம் வரும் என்று இப்போது எனக்குத் தெரியும். அடுத்த பஸ் பிடித்து வந்தேன். கை கழுவக்கூட விடாமல் அவனை வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு இழுத்துப் போனேன். படிக்கட்டில் கால் வைத்தவன் தயங்கினான்.

"மாமா சொல்லிகினே இருப்பாரே, அந்த வாயு மருந்து... வந்துட்சாங்க?"

அந்த மருந்து ஒருநாள் வரும் என்று இன்றும் நம்புகிறேன். அதற்காகத்தான் தினமும் அந்த நாற்றத்தில் நிற்கிறேன்.

"இன்னும் வரலடா. அது வர்ற வரைக்கும் உன் கட்டி காத்துகினு இருக்காது. ஜல்தி ஏறு."

ஏறிவிட்டான். அவனுக்கு இருந்தது சின்னக் கட்டி, எடுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் "இன்னும் வரல" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறேன். உன்னிடம் மட்டும் அதைச் சொல்லாமல் விட்டேனே, பாவி.