இரண்டு பேருக்கு ஒரு பெட்டி

1927 மார்ச் 8, செவ்வாய். ஈப்போ.

தைப்பிங்கிலிருந்து வந்து நான்கு நாளாயிற்று. ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டு அறை, பின்னால் சமையற்கட்டு. அந்த ஊர் மழையில் நனைந்த துணிமூட்டை இன்னும் சரியாகக் காயவில்லை. எலி வேறு அவருடைய வெள்ளைக் கோட்டைக் கடித்துவிட்டது. பெரிய மரப்பெட்டி ஒன்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்கிறார். ஸ்டேஷன் குமாஸ்தாவுக்கு ஞாயிறு என்றைக்கு ஓய்வாக இருந்தது? நானே போகப்போகிறேன்.

இன்னொன்று. மூன்று மாதம் முடிந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. போன வருஷம் சொன்னேன். உடனே தொட்டில் வாங்கினார், நான் ஆறு சட்டை தைத்தேன். பிள்ளை தங்கவில்லை. எல்லாவற்றையும் யாருக்கோ கொடுத்தோம். இந்தத் தடவை எதையும் வாங்கக் கூடாது. சொல்லவும் கூடாது — ஆனால் எத்தனை நாளைக்கு?

மார்ச் 9

பின்கதவைத் திறந்தால் சுண்ணாம்பு மலை. வெள்ளையாக, செங்குத்தாக, யாரோ கொண்டுவந்து நிறுத்தியதுபோல. உலை பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

மார்ச் 10, வியாழன்

எழுதவே கை கூசுகிறது.

பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா தச்சுக்கடைக்கு வழி சொல்லியிருந்தாள். ஆற்றைத் தாண்டி இரண்டாவது தெரு. நான் மூன்றாவதில் திரும்பிவிட்டேன் போலிருக்கிறது. ஒரு சீனர் கடை. உள்ளே பெட்டிகள். என்ன பெட்டிகள்! பக்கமெல்லாம் முழு மரமாகப் பருத்து, முகம் தெரியும்படி கறுப்பு மெருகு. கடை முழுக்க மர வாசனை. ஈயச் சுரங்க முதலாளிகள் வீட்டில் இதில்தான் துணி வைப்பார்கள்போலும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உளி பிடித்திருந்தவர் எழுந்து வந்தார். யாருக்கு என்று மலாயில் கேட்டார். எனக்கும் வீட்டுக்காரருக்கும், இரண்டு பேருக்கும் ஒன்று போதும் என்றேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் குனிந்து கையை உள்ளே விட்டு ஆழம் பார்த்தேன். இரண்டு பேருடையதும் தாராளமாகப் பிடிக்கும் என்றேன்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: “சியாப்பா மாத்தி?”

யார் செத்தது? அந்த மலாய் வார்த்தை எனக்குத் தெரியும். கை இன்னும் சவப்பெட்டிக்குள்ளேயே இருந்தது.

ஓடிவிடலாம் என்று திரும்பினால் ஐம்பது வயதுச் சீனப்பெண், முழங்கால்வரை காய்ந்த சேறு, முதுகில் ஈயம் அரிக்கும் மரத்தட்டு. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே ஒன்றின் மேலிருந்து சாக்கை உருவினாள்.

“சாயா பூஞா,” என்றாள். என்னுடையது.

கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துக் காட்டுவதுபோலக் காட்டினாள். அவளுக்கு யாருமில்லை, அதனால் தன் பெட்டியைத் தானே வாங்கி வைத்திருக்கிறாள் என்று அரைகுறையாகப் புரிந்தது. மாதம் ஒருமுறை வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டுப் போவாளாம். விரல் முட்டியால் தட்டினாள். என்னையும் தட்டச் சொன்னாள். தட்டினேன். கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல ஒரு சத்தம். அவள் கன்னத்தை அதன்மேல் வைத்து, நன்றாக இருக்கிறதா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

நான் பெயரைச் சொல்லவே பயப்படுகிற ஒன்று. அதன்மேல் ஒருத்தி கன்னத்தை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். என்னை அறியாமல் என் கை வயிற்றுக்குப் போயிருக்க வேண்டும். அதைப் பார்த்ததும் அவள் திட்டிக்கொண்டே என்னைத் தெருவுக்குத் தள்ளினாள். தச்சுக்கடைவரை கூடவே வந்து, துணிப்பெட்டியை அவளே தட்டிப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

மார்ச் 11

வீரம்மா அக்காவிடம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“மாசமா இருக்கறப்ப அந்தக் கடைக்கெல்லாம் போலாமா, தங்கச்சி?”

உனக்கெப்படித் தெரியும் என்று நான் கேட்குமுன் வாசலைப் பார்த்தேன். அவர் தொப்பியோடு நின்றிருந்தார்.

அக்கா நழுவிவிட்டாள். அவர் புதுப்பெட்டிமேல் உட்கார்ந்தார்.

“ஏன் சொல்லல, ஞானப்பூ?”

“பயமா இருந்துச்சு.”

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “எனக்கும்தான் பயமா இருக்கு,” என்றார். அவர் வாயிலிருந்து இந்த வார்த்தையை இதுவரை கேட்டதில்லை. பிறகு கடையில் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். “ரெண்டு பேருக்கும் ஒன்னு போதும்னா சொன்ன?” — அவருக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். ஒரு வருஷமாக இந்தச் சிரிப்பு எங்கே இருந்தது?

மார்ச் 13, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து ஜைனுலாப்தீன் ராவுத்தர் கடைக்குப் போனோம். குழந்தைக்கு ஃபிளானல் துணி, இரண்டு கஜம். நான்தான் கேட்டேன். ராவுத்தர் மேசைமேல் விரித்துப் போட்டார். தொட்டேன்.

மே 22

ஆற்றில் ஈயம் அரிக்கும் பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். எல்லார் முகத்தையும் தொப்பி மறைத்திருந்தது. பாலத்திலிருந்து கையைத் தூக்கினேன். ஒருத்தி நிமிர்ந்து தட்டை உயர்த்தினாள். அவள்தானா? தெரியவில்லை. வீடுவரை நெஞ்சு நிறைந்திருந்தது.

செப்டம்பர் 18, ஞாயிறு

பெண். பிறந்து பத்து நாள். இன்று ஞானஸ்நானம். தண்ணீர் பட்டதும் போட்ட கூச்சலில் சாமியார் லத்தீனைச் சற்று நிறுத்திவிட்டார். வீட்டுக்காரர் ஏதோ பரிசு வாங்கியவர்போல எல்லாரையும் பார்த்தார்.

இதோ, மறுபடி அழத் தொடங்கிவிட்டாள். உடனே எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தேன்.