சந்தேகமான சத்தத்தை எறியாதே

மார்ச் 3, செவ்வாய்

இன்று மதியம் முதலாளி பன்னிரண்டு நிமிடம் அழுதிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

ஏழு மாதம் ஆகியும் என் மகளுக்குச் சைகையில் வேறு பெயர் வரமாட்டேன் என்கிறது. வீட்டில் எல்லாரும் அவளுக்குத்தானே வேலை பார்க்கிறோம்? முதலாளியேதான்.

நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண் அடுப்புக்கு மேலே இருக்கும் விளக்கில்தான் இருந்தது. அது எரியவில்லை. எனக்கும் இவருக்கும் காது கேட்காது; அதனால் எங்கள் வீட்டில் விளக்கு எரியாதவரை அழுகை கிடையாது. தொட்டிலுக்கு மேலே இருக்கும் மைக் கேட்கும். கூடத்து அலமாரியில் இருக்கும் சின்னக் கணினி அது அழுகைதானா என்று முடிவு செய்யும். உடனே எல்லா அறையிலும் மஞ்சள் விளக்கு துடிக்கும். நானே கட்டியது. வயிற்றில் அவளை வைத்துக்கொண்டு ஆறு மாதம் உட்கார்ந்து கட்டினேன்.

கடைக்குப் போயிருந்த அம்மாவுக்குத் தெருமுனையிலேயே கேட்டுவிட்டது. வாசலில் பையை எறிந்துவிட்டு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். முதலாளியின் முகம் செக்கச்செவேலென்று, விக்கி விக்கி, மூச்சு வாங்க. அம்மா சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். "என்னைப் பாத்துத் திட்டும்மா, அப்பதானே புரியும்" என்றேன். திரும்பி நின்று, உதடு தெளிவாகத் தெரியும்படி திட்டினாள்.

"அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி லீவு முடிஞ்சு நீ வேலைல உக்காந்ததும் இவளை நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரு வருஷம் இருக்கட்டும். அண்ணனும் அதான் சொல்றான்."

அண்ணன் சொல்கிறானாம். காது நன்றாகக் கேட்கும் அவன், வாசல் மணி மூன்றாவது தடவை அடித்தால்தான் நாற்காலியை விட்டு எழுவான்.

தரமாட்டேன். எழுதி வைக்கிறேன். தரமாட்டேன்.

மார்ச் 4, புதன்

காரணம் கணினியின் பதிவில் இருக்கிறது, ஒரே வரி: நினைவகம் தீர்ந்தது, அதிகம் தின்ற நிரல் நிறுத்தப்பட்டது.

அந்தச் சின்னக் கணினிப் பெட்டிக்குள், தனித்தனிக் கணினிகள் போல ஓடும் இரண்டு மெய்நிகர் கணினிகளை வைத்திருக்கிறேன். ஒன்று வீட்டுக்கு: விளக்கு, வாசல் மணி, அழுகை. இன்னொன்று புகைப்படங்களுக்கு. வீட்டுக்கு நாலு ஜிபி நினைவகம் ஒதுக்கியிருந்தேன். அது நிரம்பிவிட்டால் உள்ளே யார் அதிகம் தின்கிறார்கள் என்று பார்த்து, அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அதிகம் தின்பது யார்? அழுகையைக் கேட்கிற நிரல். வீட்டில் இடம் போதவில்லை என்றால் முதலில் காவல்காரனை அனுப்பிவிடுகிற புத்தி.

சரியாகும்வரை அவளைத் துணியில் கட்டி மார்பிலேயே சுமப்பது என்று முடிவு. எட்டு கிலோ. கடையில் வாங்கிய, குழந்தை அழுதால் கையில் அதிரும் பட்டை ஒன்று இருக்கிறது. இரண்டு சுவர் தாண்டினால் அது செத்துவிடும். அதனால்தானே இதைக் கட்டினேன்!

மார்ச் 7, சனி

நேற்றிரவுதான் அழுகையைக் கேட்கும் நிரலை மறுபடி ஓடவிட்டேன். காலையில் திரையைத் திறந்தேன். பெட்டி சொல்கிறது: வீட்டுக் கணினி 94 சதவீதம். அதற்குள்ளேயே நுழைந்து கேட்டால் 41 என்கிறது. யார் பொய் சொல்வது?

பாதி நாள் போனது. யாரும் பொய் சொல்லவில்லை. வீட்டுக் கணினி, சும்மா கிடக்கும் இடத்தில் அடிக்கடி தேவைப்படுவதை எடுத்து வைத்துக்கொள்கிறது. கேட்டால் உடனே காலி செய்து கொடுத்துவிடும். வெளியே நிற்கும் பெட்டிக்கு அது தெரியாது. நிரம்பி வழிகிறது என்று எண்ணிக்கொள்கிறது. எங்கள் சொந்தக்காரர்கள் மாதிரிதான். வாசலில் நின்றே எங்களை எண்ணி முடித்துவிடுவார்கள்.

ஆனால் செவ்வாய்க்கிழமைச் சாவு நிஜம். உள்ளே ஏதோ வளர்கிறது. காலையில் 41. சாயங்காலம் 63.

மார்ச் 8, ஞாயிறு

மதியத்தில்தான் ஏறுகிறது. காலையில் அசையவில்லை. ஏன் மதியத்தில்?

மார்ச் 9, திங்கள்

அலுவலகத்தில் எனக்குப் பதிலாக சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பனிடம் கேட்டேன். அவன் செய்தி: "மெமரியை டபுள் பண்ணு. தினமும் ஒரு ரீஸ்டார்ட் போடு. மூணு நிமிஷம்தானே, யார் செத்துடப் போறா?"

மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடம் நான் செவிடாக இருக்க வேண்டுமாம். பிறந்ததிலிருந்து செவிடுதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவளுக்கு அம்மாவாக இருக்கும்போது மட்டும் செவிடாக இருக்கமாட்டேன். ரீஸ்டார்ட் போடமாட்டேன் என்று பதில் அனுப்பிவிட்டேன்.

நினைவகத்தை எட்டு ஜிபி ஆக்கினேன். 21 சதவீதம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

அம்மா இப்போது விளக்கோடு போட்டி போடுகிறாள். துணியிலிருந்து இறக்கித் தொட்டிலில் போட்டால், முதலாளி வாயைத் திறப்பதற்குள் ஓடிவிடுகிறாள். விளக்கு எரிந்து நான் போய்ச் சேரும்போது தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, "பாத்தியா?" என்பது போல ஒரு பார்வை.

மார்ச் 14, சனி

ஆறாம் நாள் வீட்டின் காது, அந்த அழுகை நிரல், மறுபடி செத்தது. அவள் என் மார்பில் கட்டியிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

இவர் பட்டறையிலிருந்து வந்தார். நினைவக வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கையால் சொன்னார்: "ஓட்டை வாளியை மாத்திட்டுப் பெரிய ஓட்டை வாளி வாங்கியிருக்கே." தோள்துணியைத் தூக்கி அவர் மேல் எறிந்தேன். சிரிக்கிறார், மனுஷன்.

அம்மா பரணிலிருந்து துணிப்பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பெரிய பெட்டி. அவள் வரும்போது கொண்டுவந்த துணியில் அது பாதிகூட நிறையவில்லை. மீதி இடம் முதலாளியின் துணிக்கு என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 15, ஞாயிறு

கேக்கறவங்க வீட்டுப் பிள்ளைங்க கட்டில்லேர்ந்து விழறதே இல்லையா? அவங்க தூங்கிப் போறதே இல்லையா? டிவி பாத்துட்டே மறந்து போறதே இல்லையா? அப்ப யாரும் பெட்டியத் துடைக்கறதில்லையே. நாங்க ஒரு தடவை, ஒரே தடவை— உடனே ஊரே கூடிடுது. வயித்துல இருக்கும்போதே பேசினாங்க. "ரெண்டு பேருக்கும் கேக்காது, அந்தக் குழந்தை கதி என்ன?" உதட்டைப் படிக்கத் தெரியும்னு தெரிஞ்சும் என் முன்னாடியே பேசினாங்க.

கண்டுபிடிப்பேன். பதினாறு நாள் இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

நாள் முழுக்க மழை. காலை 43. மாலை 43. அசையவே இல்லை! நான் எதையும் தொடவில்லை.

இவர் சொல்கிறார்: "சூடு. மழைல பெட்டி குளிர்ந்துடுச்சு." பட்டறை மூளை, இயந்திரம் என்றால் சூடுதான். இருந்தாலும் வேறு துப்பு இல்லை.

மார்ச் 19, வியாழன்

நேற்றும் இன்றும் வெயில். அலமாரிக் கதவைக் கழற்றி மேசை விசிறியைப் பெட்டிக்கு நேராக வைத்தோம். கையை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. நினைவகம் 65.

சூடு இல்லை. ஆனால் வெயில்தான். இது எப்படி?

மார்ச் 20, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கோபமா சந்தோஷமா தெரியவில்லை.

இன்று நிரலின் வயிற்றையே திறந்து பார்த்தேன். உள்ளே நாலு நாலு நொடித் துண்டுகளாக ஒலிப்பதிவுகள். மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். எல்லாவற்றின் மேலும் ஒரே முத்திரை: சந்தேகம்.

அந்த முத்திரையை எழுதியது நான்தான். மைக் ஒரு சத்தத்தைக் கேட்டு அது அழுகையா இல்லையா என்று முடிவு செய்ய முடியாவிட்டால், எறியாதே, சந்தேகம் தீரும்வரை நினைவிலேயே வைத்திரு என்று எழுதியிருந்தேன். எட்டாம் மாத வயிற்றோடு எழுதிய வரி. நிஜ அழுகை ஒன்றைக் குப்பை என்று எறிந்துவிட்டால்? அந்தப் பயம். சந்தேகம் தீராவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. குழந்தை தூங்கும் அறையில் அத்தனை சந்தேகமான சத்தம் எங்கிருந்து வரப்போகிறது என்று நினைத்திருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை அந்த அறை அமைதியான அறை. எனக்கு எல்லா அறையுமே அப்படித்தானே!

கேட்க முடியாது, பார்க்க முடியும். ஒலியை வரைபடமாக விரித்தேன். சீப்புப் பல் மாதிரி, நொடிக்கு ஐந்து முனைகள், ஒரே உயரம், ஒரே இடைவெளி. அடுத்த துண்டும் அதே. நூறு துண்டு பார்த்தேன். என் மகள் இவ்வளவு ஒழுங்காக எதையும் செய்பவள் இல்லை. சுற்றுகிற ஏதோ ஒன்று.

நிமிர்ந்து பார்த்தேன். தொட்டிலுக்கு மேலே மின்விசிறி. வெயில் ஏறினால் மதியம் ஐந்தில் வைப்போம். மழையன்று போடவே இல்லை.

அம்மாவை இழுத்து வந்து ஐந்தில் வைத்தேன். "இது சத்தம் போடுதா?"

"ஆமா. கீச்சு கீச்சுன்னு. நான் வந்த நாள்லேர்ந்து."

"ஏம்மா சொல்லல?"

"உங்களுக்குத்தான் கேக்காதே. அதப் போய்ச் சொல்லி, எதுக்கு மனசக் கஷ்டப்படுத்தணும்னு..."

கத்திவிட்டேன். எப்படிக் கத்தினேன் என்று தெரியாது, முதலாளி திடுக்கிட்டு அழுதாள், அறை முழுக்க மஞ்சள் விளக்கு. ஏழு மாதமாக இந்த வீட்டில் கேட்டுச் சொல்லக்கூடிய ஒரே ஒரு ஜோடிக் காது. அதையும் எங்கள் மேல் இரக்கப்பட்டு மூடி வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் யோசித்தேன். நான் மட்டும் என்ன? ஏழு மாதத்தில் "இந்த அறையில் என்ன சத்தம் இருக்கும்மா?" என்று ஒரு தடவை கேட்டேனா? இல்லை. கேட்டால் தோற்றுப்போனது போல இருக்கும் என்று நினைத்தேன். அந்தத் திமிருக்குத்தான் பன்னிரண்டு நிமிடம். இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் 21, சனி

இவர் ஏணியில் ஏறி, ஓடும் விசிறியின் தண்டில் ஒரு மரக்குச்சியை வைத்து மறுமுனையைத் தாடையில் அழுத்தினார். பட்டறையில் இப்படித்தான் பார்ப்பாராம். இரண்டு நொடி. "பேரிங் போச்சு." இறங்கும்போது முகத்தில் வெட்கம். ஊரிலுள்ள எந்திரத்தின் நோயையெல்லாம் தொட்டே சொல்கிறவர் தலைக்கு மேலே ஓடுவதைத் தொட்டுப் பார்த்ததில்லை.

மதியத்துக்குள் மாற்றிவிட்டார். அம்மா கீழே நின்று கட்டைவிரலை உயர்த்தினாள்.

விசிறி சரியானால் போதாது. நாளைக்கு வேறொன்று கீச்சிடும். என் வரியை மாற்றினேன்: சந்தேகம் இருபது நொடியில் தீராவிட்டால் விளக்கை எரி, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், துண்டை எறி. நினைவகம் தீர்ந்தால் காதைத் தொடாதே, வீட்டுக் கணினியில் வேறு எதை வேண்டுமானாலும் நிறுத்து. இதெல்லாம் தவறி காதே செத்துப்போனால், பெட்டியைச் சேராத தனி விளக்கு ஒன்று எல்லா அறையிலும் நீலமாக எரியும்.

அம்மாவின் முன்னால் வைத்தே காதை நிறுத்திக் காட்டினேன். பத்து நொடியில் வீடு நீலம். ஆனால் அவள் துணிப்பெட்டி இன்னும் கூடத்திலேயே இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, "வீட்ல என்னென்ன சத்தம் இருக்கு, எழுதிக் கொடு" என்றேன். தோற்றது போல இல்லை. கொஞ்சம் இருந்தது, போய்விட்டது.

இரண்டு நாளாக வீடு முழுக்க நடக்கிறாள். நோட்டில்: குளிர்சாதனப் பெட்டி, பெருமூச்சு விடும். பின்கதவு, இழுத்தால் பூனை மாதிரி. குளியலறைக் குழாய், சொட்டுது, ஆளைக் கூப்பிட்டு ரிப்பேர் பண்ணுங்க. மாடிக்காரர், தும்மினா ஏழு தடவை. மாப்பிள்ளை, சாப்பிடும்போது.

கடைசி வரியை இவரிடம் காட்டினேன். ஒரு வேளை முழுக்க வாயை மூடியே மென்றார்.

மார்ச் 27, வெள்ளி

ஆறு நாள் நினைவகம்: 22, 22, 23, 22, 22, 22.

மார்ச் 30, திங்கள்

அண்ணன் அம்மாவுக்குப் போன் செய்தான். அம்மா பால்கனிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்று பேசினாள். நாளை மறுநாள் ஒண்ணாம் தேதி. அவள் பிடித்தால் பிடித்ததுதான். நானும் அவள் மகள்தான்.

ஏப்ரல் 1, புதன்

ஒன்பது மணிக்குக் கடைசி அறையில் வேலைக்கு உட்கார்ந்தேன். பத்தே காலுக்கு மஞ்சள் விளக்கு. இந்நேரம் அம்மா தோளில் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

முதலாளி தொட்டிலில்தான் இருந்தாள். அழுகை பாதி, கண் விளக்கின் மேல். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். விளக்கு அணைந்தது. ஒரு நிமிடம் யோசித்தாள். விளக்கைப் பார்த்துக்கொண்டே, கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லாமல், வாயை மட்டும் அகலமாகத் திறந்தாள். விளக்கு எரிந்தது. பல்லில்லாத வாயால் ஒரு சிரிப்பு. மறுபடி ஒரு தடவை. சோதித்துப் பார்க்கிறாள்! என் மகள்.

அப்புறம்தான் அம்மாவைக் கவனித்தேன். தொட்டிலுக்கு இரண்டடி தள்ளி நாற்காலியில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"விளக்கு வர மூணு நொடி" என்றாள், உதடு தெளிவாக. "நீ வர ஒம்பது. எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

"கஷ்டமா இருந்துச்சா?"

"உயிரே போயிடுச்சு."

"அண்ணன்கிட்ட யார் சொல்றது?"

"குழந்தை இங்கதான் இருக்கும்னு அவன்கிட்ட திங்கக்கிழமையே சொல்லிட்டேன். இன்னிக்கு எனக்காகத்தான் உக்காந்து பாத்தேன்."

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறாள். பெட்டியில் அவள் துணி மட்டும்தான் இருக்கிறது, பாதி காலி.