மேலே போவது முத்தாயி மரம்

தம்பின், மலேசியா
16.8.1987

அன்பு மகள் பஞ்சாலைக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், மழைதான் விட்டு விட்டுப் பெய்து வேலையைக் கெடுக்கிறது. அமெரிக்கச் சீதோஷ்ணம் உனக்கு ஒத்துக்கொண்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. நாலு முறை படித்தும் குழப்பம் தீரவில்லை. முதல் கடிதத்தில், விண்வெளிக்குப் போகிறவர்களோடு உன் படம் போகிறது என்கிறாய். இரண்டாவதில், பிறகு ஓவியர்களையே ஏற்றிப் போகப் பேச்சு நடக்கிறது, உன் பெயரையும் கொடுத்திருப்பதாகச் சொல்கிறாய். போவது படமா, நீயா? அம்மா கேட்கிறாள். மேலே போனவர்கள் எல்லாவற்றையும் அளந்து வந்தாலும், அங்கே எப்படி இருந்தது என்று கேட்டால் திணறுகிறார்கள், அதற்குத்தான் கலைஞர்கள் என்று எழுதியிருந்தாய். அது நிருபர் வேலை போலத்தானே இருக்கிறது, ஓவியர் எதற்கு என்று யோசித்தேன். பிடிபடவில்லை.

இப்போது ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அம்மா பால் வெட்டும் ரப்பர் மரத்தில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, பட்டையின் தழும்பை எடுத்து அனுப்பச் சொல்லி மார்ச்சில் கேட்டாய் அல்லவா? அம்மா விடவில்லை. கத்தி ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம், அதை வேலையை மேற்பார்க்கும் வீரமுத்து மண்டோர் எண்ணி, காலையில் ஆளெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் சொல்லுவார், உனக்குத் தெரியும். "என் மரம் பூரா காயம்லா, அதைப் போயி வெளிநாட்டுக்காரன் பாக்கணுமா" என்று என்னைப் பக்கத்து மர நிரைக்கு இழுத்துப் போனாள். முத்தாயி வெட்டும் மரம் அது. சீப்பால் வாரியது போல வெட்டு. அதைத்தான் உன்னிடம் சொல்லாமல் தேய்த்து அனுப்பினேன். நீ அதன் கீழே 'என் தாய் மயிலம்மாளின் கை' என்று எழுதிக் கொடுத்தாய், அவர்களும் அதையே மேலே அனுப்பத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாகப் பத்திரிகைக்குத் தோட்டச் செய்தி எழுதுகிறேன். ஒரு பெயர் பிசகினாலும் மறுநாளே திருத்தம் அனுப்புகிறவன் ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முத்தாயி போன செவ்வாய்க்கிழமை வாழ்த்துச் சொல்ல வந்தாள். "மயிலு, ஒன் கை ஆகாசத்துக்குப் போவுதாமே, எங்க கையெல்லாம் பால் வடியிற மங்கு வரைக்கும்தான்" என்று சிரித்தாள். அம்மாவால் சிரிக்க முடியவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்ததும் என்னைத் தன் நிரைக்குக் கூட்டிப் போய் ஒரு மரத்தைக் காட்டினாள். மூன்று தாளை ஒட்டித் தேய்த்தேன். வருடா வருடம் வெட்டு கீழே இறங்குமாம், அதனால் மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும் என்று விரல் வைத்துச் சொன்னாள். மேலே முடிச்சு முடிச்சாக ஓர் இடம் இருக்கும் பார். அது நீ விமானம் ஏறிய வாரம். கத்தி எங்கே போகிறது என்று அவள் பார்க்கவே இல்லையாம்.

நடந்ததை அம்மாவே முத்தாயியிடம் சொல்லிவிட்டாள். சண்டை வரும் என்று நினைத்தேன். முத்தாயியோ, "அப்ப போறது என் மரமா? பேரை மாத்தி எழுதச் சொல்லுலா!" என்றாள். இரண்டு நாளாகப் பவுடர் பூசிக்கொண்டு பெரட்டுக்கு வருகிறாள். மண்டோருக்கும் ஒன்றும் புரியவில்லை.

ஆகவே எதை அனுப்புவது என்று அம்மாவிடம் கேட்டேன். முத்தாயி மரமே போகட்டும், பஞ்சாலை பெயரை மட்டும் திருத்தட்டும் என்கிறாள். தன் மரத்தின் தாள் உனக்காம். இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். நீயே போகிற நாள் வந்தால் கூடவே எடுத்துப் போகச் சொன்னாள். அப்படியானால் நீ போக அவளுக்குச் சம்மதமா என்று கேட்டேன். மங்கு கழுவ வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாரியம்மன் துணையால் நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு. பெயரைத் திருத்த மறக்காதே: முத்தாயி, தகப்பன் பெயர் சந்திரன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா,
ஆறுமுகம்